தக்காளித் தொட்டியில் மல்லிகை வாசம்

துப்பறிகிறவர்களுக்குக் கண் வேண்டும், காது வேண்டும், மூக்கு வேண்டும் என்பார்கள். மோகனாவுக்கு முதல் இரண்டிலும் பழுதில்லை. மூன்றாவதை ஆம்பூர் எப்போதோ தின்று ஏப்பம் விட்டுவிட்டது. தோல் பதனிடும் ஷாப்புகளுக்கும் ஷூ கம்பெனிகளுக்கும் நடுவே பிறந்து வளர்ந்தவளிடம் தோல் வாசம் வருகிறதா என்று கேட்பது, உப்பளத்தில் வேலை பார்க்கிறவனிடம் காற்று கரிக்கிறதா என்று கேட்பது மாதிரி.

அப்பேர்ப்பட்ட மோகனாவிடம்தான் அந்தச் சனிக்கிழமை காலை ஒரு வாச வழக்கு வந்து சேர்ந்தது.

'மோகனா துப்பறியும் நிலையம்' ஆம்பூர் பஜாரில் ஒரு பிரியாணிக் கடையின் மாடியில் இருந்தது. அவள் வீட்டில் முதன்முதலில் பட்டம் வாங்கியது அவள்தான். வாங்கிய பட்டத்தோடு சென்னையில் ஏறி இறங்கிய கம்பெனிகளில் ஒரு மேனேஜர், "ஆம்பூரா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய் ஜன்னலைத் திறந்தான். அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள், இனி இவர்கள் மூக்குக்கு முன்னால் போய் நிற்பதில்லை என்று. ஊருக்குத் திரும்பி போர்டு மாட்டினாள். உதவிக்குக் கௌசர் வந்து சேர்ந்தாள். கௌசருக்கு வாய் நீளம், சம்பளம் குட்டை. இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொண்டன.

"இன்னா காணாமப் போச்சு?" நோட்டைப் பிரித்துக்கொண்டு கேட்டாள் கௌசர்.

"என் கல்யாணம்," என்றாள் எதிரே உட்கார்ந்திருந்த பெண்.

பேர் பிரிசில்லா. ஷூ கம்பெனியில் டிசைன் செக்ஷன். பக்கத்தில் அவள் அப்பா ஆரோக்கியசாமி, அதே கம்பெனியில் ஷூவுக்குப் பசை தடவி அடிப்பாகம் ஒட்டும் பிரிவில் பாதி ஆயுளைக் கழித்தவர். தலை ஈரமாக இருந்தது. கோயில் விளக்கு மாதிரி மினுமினுக்கத் தேய்த்துக் குளித்திருந்தார். நாற்காலியின் நுனியில், தான் பட்டால் அது அழுக்காகிவிடும் என்பது போல உட்கார்ந்திருந்தார்.

"ஆல்வினும் நானும் ஒரே காலேஜு. ரெண்டு வீட்லயும் பேசி முடிச்சாச்சு. காட்பாடியில அவங்க ஃபிளாட்டுக்கு மூணு தபா போனோம். மூணு தபாவும் நாங்க வந்தப்புறம் அவங்கம்மா போன் பண்ணி ஒரே பாட்டு. வீடெல்லாம் தோல் நாத்தம், ரெண்டு நாளாகியும் போவல, ஷூ கம்பெனிக் குடும்பம்னா சும்மாவான்னு. நாளைக்கு அவங்க சர்ச்சுல எங்க முதல் ஓலை. இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், யாருக்காவது தடை தெரிஞ்சா சொல்லுங்கன்னு மூணு ஞாயிறு படிப்பாங்களே, அது. இன்னைக்கு சாயங்காலம் ஆறு மணிக்குள்ள ஃபாதருக்கு போன் பண்ணி நிறுத்திடுவேன்னு சொல்ட்டாங்க."

"ஆல்வின் இன்னா சொல்றாரு?"

"'அம்மா சரியாயிடுவாங்க'ன்றான்."

"சுவத்துல மாட்டற காலண்டர்ல கூட இதைவிட நல்ல வாசகம் இருக்கும்," என்றாள் கௌசர்.

ஆரோக்கியசாமி தொண்டையைச் செருமினார். "அந்தம்மாவைக் குத்தம் சொல்லக்கூடாதும்மா. ஹெட்மிஸ்ட்ரஸா இருந்தவங்க. நம்ம மூக்கு செத்த மூக்கு. நமக்கு எங்க தெரியப்போவுது? அவங்க சொன்னா இருக்கும். அதான் நான் தினம் மூணு வேளை குளிக்கிறேன்."

மோகனாவுக்குச் சுர்ரென்று ஏறியது. ஒரு மனுஷனைத் தன் உடம்பின் மேலேயே சந்தேகப்பட வைப்பதற்குப் பேர் திருட்டு இல்லையென்றால் வேறு எதற்குத்தான் அந்தப் பேர்? பீனல் கோடில் இதற்கு செக்ஷன் இல்லை. இருந்திருந்தால் பாதி சென்னை உள்ளே இருக்கும்.

"அந்த வீட்ல வாசனைக்குன்னு ஏதாச்சும் வெச்சிருக்காங்களா?" என்று கேட்டாள்.

"ரூமுக்கு ரூம். ரீட் டிஃப்யூஸர். கண்ணாடி பாட்டில்ல சென்ட் எண்ணெய் ஊத்தி, பிரம்புக் குச்சிங்களை விசிறி மாதிரி சொருகி வெப்பாங்களே."

"தெரியும். ஊதுபத்திக்கு சோம்பேறித்தனம் வந்தா அதான்," என்றாள் கௌசர். "நெருப்பும் வேணாம், கரண்டும் வேணாம். குச்சி எண்ணெயை உறிஞ்சி மேல ஏத்தும், காத்துல விடும். சும்மா நின்னுக்கிட்டே சம்பாதிக்கும். நம்ம கவுன்சிலர் மாதிரி."

மோகனா எழுந்தாள். "கௌசர், கீழ ஜெராக்ஸ் கடையில ரெண்டு ஐடி கார்டு அடி. 'இல்ல வாசனை ஆலோசகர்'னு போடு. பிரிசில்லா, நீங்களும் அப்பாவும் எங்க கூட காட்பாடிக்கு வர்றீங்க. ஆனா நான் கூப்பிடற வரைக்கும் மாடி ஏறக்கூடாது."

"அக்கா, ஒரு டவுட்டு," மாடிப்படியில் இறங்கும்போது கௌசர் கிசுகிசுத்தாள். "வாச கேஸ். உனக்கும் மூக்கு இல்ல, எனக்கும் மூக்கு இல்ல. எப்படித் துப்பறியறது?"

"வாடகைக்கு எடுப்போம்."

"யாரோடத?"

"எதிரியோடத. அந்த வீட்ல வேலை செய்யற மூக்கு அது ஒண்ணுதானே."

காட்பாடியில் அந்த ஃபிளாட் மூன்றாவது மாடி. கார்டு அடித்து, ரயில் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம் நாலரை. அமிர்தவள்ளி கதவைத் திறந்தார். ஹெட்மிஸ்ட்ரஸ் பதவி ரிட்டயர் ஆனாலும் பார்வை இன்னும் சர்வீசில் இருந்தது. கௌசரின் செருப்பிலிருந்து தலைமுக்காடு வரை ஒரு தடவை திருத்தி மார்க் போட்டார்.

"வாசனை ஆலோசகரா? நான் கூப்பிடலையே."

"இலவச சர்வீஸ் மேடம். இந்த அபார்ட்மெண்ட்லயே டிஃப்யூஸர் ஜாஸ்தி வெச்சிருக்கறது நீங்கதான்னு சொன்னாங்க," என்றாள் மோகனா.

புகழ்ச்சி பூட்டைத் திறந்தது. இலவசம் கதவைத் திறந்தது.

அமிர்தவள்ளி அறை அறையாக அழைத்துப் போனார். படுக்கையறையில் லாவண்டர். குளியலறையில் எலுமிச்சை. சாமி படத்துக்குப் பக்கத்தில் சந்தனம். ஹாலில், டிவிக்குப் பக்கத்தில், பச்சைக் கண்ணாடியில் பெரிய புட்டி ஒன்று. அதுதான் மல்லிகை.

ஆலோசகர் என்று சொல்லிவிட்டால் ஆலோசனையும் சொல்லியாக வேண்டும். ரயிலில் வரும்போது செல்போனில் படித்ததை மோகனா எடுத்து விட்டாள். "குளியலறை சின்னது மேடம். இத்தினி குச்சி வேணாம், பாதியை எடுத்துடுங்க. படுக்கையறையில ஃபேனுக்கு நேர் கீழ வெச்சிருக்கீங்க, எண்ணெய் சீக்கிரம் காஞ்சிடும். வாசல் பக்கம், ஆளுங்க போக வர இருக்கிற இடத்துல வைங்க. நடமாட்டத்துல வாசம் தானா பரவும்."

"ஐநூறு பசங்களை மேய்ச்சவ நான். எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிக்கொண்டே அமிர்தவள்ளி லாவண்டர் புட்டியைப் படுக்கையறை வாசல் பக்கம் நகர்த்தினார்.

கௌசர் இதற்குள் ஹால் சோபாவை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தாள். "மேடம், சோபா தோலா?"

"சீச்சீ. ரெக்சின். இந்த வீட்ல தோல் சாமானே கிடையாது. என் பையன் பெல்ட்டு கூட துணிதான்." முகத்தைச் சுளித்தார். "ஆனா பாரும்மா, வேணாம்னு நாம ஒதுங்கினாலும் அது தேடி வருது. என் பையன் ஆம்பூர்ல பொண்ணு பார்த்திருக்கான். அவங்க வந்துட்டுப் போனா வீடே தோல் நாத்தம். மல்லிகையையே அமுக்கிடுது."

வந்தது வாடகை மூக்கு. மோகனா குரலில் தேனைத் தடவிக்கொண்டாள்.

"அது எந்த மாதிரி வாசம் மேடம்? பச்சைத் தோல் மாதிரி, மூக்கைப் பொத்தற மாதிரியா?"

"இல்லம்மா. அது இதைவிட மோசமா இருக்கும். இது... புது பெட்டியைத் திறந்தா வருமே, அந்த மாதிரி. கூட ஒரு மரவாசனை. கொஞ்சம் இனிப்பா."

"பசை வாசம்? ஷூ கம்பெனியில சொலுஷன்னு ஒண்ணு தடவுவாங்க. பெட்ரோல் மாதிரி தலைக்கு ஏறும்."

"அதெல்லாம் இல்ல. சுத்தமான தோல்."

கௌசர் மோகனாவைப் பார்த்தாள். மோகனா கௌசரைப் பார்த்தாள். ஷூ கம்பெனி ஆளின் மேல் எந்த வாசம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சொலுஷன் வாசம் இருக்கும். சாயங்காலம் கம்பெனி பஸ் பக்கத்து மாதனூரில் நின்று ஆளை இறக்கிவிட்டால் முதலில் இறங்குவது அதுதான். ஆரோக்கியசாமி மேல் ஏதாவது மிச்சம் இருந்தால் அது சொலுஷனாகத்தான் இருக்க வேண்டும். சொலுஷனை மட்டும் ஆம்பூரிலேயே விட்டுவிட்டு, தோல் வாசம் தனியாக டிக்கெட் எடுத்துக் காட்பாடிக்கு வந்திருக்கிறது!

"இப்போ வருதா மேடம்?"

அமிர்தவள்ளி மூக்கை உயர்த்தி இழுத்தார். "இப்போ இல்ல. காலையிலேர்ந்து வீட்லதானே இருக்கேன். அவங்க வந்தா மட்டும்தான் தூக்கும்."

"விருந்தாளிங்க வர்றப்போ ஸ்பெஷலா ஏதாச்சும் பண்ணுவீங்களா?"

"பண்ணாம? அவங்களைக் கூட்டிட்டு வரக் கீழ இறங்கறதுக்கு முன்னாடி ஹால் பாட்டில்ல குச்சி எல்லாத்தையும் தலைகீழாத் திருப்பி வெப்பேன். ஊறின பக்கம் மேல வந்தா வாசம் புதுசாத் தூக்கும். அவங்க போனதும் அந்த நாத்தம் போகணும்னு மறுபடி திருப்புவேன். போன தபா நாலஞ்சு முறை திருப்பினேன். எங்க? ஜாஸ்திதான் ஆச்சு."

கௌசருக்கு இருமல் வந்தது. அது இருமல் இல்லை என்று மோகனாவுக்குத் தெரியும்.

மோகனா ஹால் புட்டியின் முன் குனிந்தாள். மூக்கை உள்ளே விட்டாள். ஒன்றும் இல்லை. வீட்டில் இருக்கிற மாதிரி இருந்தது. ஒரு கணம் கழித்துத்தான் அவளுக்கு உறைத்தது: மல்லிகைப் புட்டிக்குள் மூக்கை விட்டால் ஆம்பூர் வீட்டில் இருக்கிற மாதிரியா இருக்க வேண்டும்?

பிறகு குச்சிகளைப் பார்த்தாள். படுக்கையறைக் குச்சிகள் கறுத்து, நுனியில் தூசி படிந்து கிடந்தன. குளியலறையில் அதைவிட மோசம். ஹாலில் மட்டும் குச்சிகள் சுத்தமாக, புது முறத்துப் பிரம்பு மாதிரி வெளுப்பாக இருந்தன.

"குச்சியை எப்போ மாத்துவீங்க மேடம்?"

"மாத்தறதா? எதுக்கு? குச்சி நல்லாத்தானே இருக்கு. எண்ணெய் தீர்ந்தா எண்ணெயை மட்டும் வாங்கி ஊத்துவேன். பொருளை வீணடிக்கறது என் ரத்தத்துலயே கிடையாது."

மோகனா நிமிர்ந்தாள். "மேடம், ஒரு சின்ன டெமோ. நான் இந்தக் குச்சிங்களைத் திருப்பி வெக்கறேன். நீங்க கௌசர் கூடக் கொஞ்ச நேரம் மொட்டை மாடியில நல்ல காத்து வாங்கிட்டு வாங்க. ஒரே வாசத்துல இருந்தா எந்த மூக்கும் மரத்துடும். வெளிய போயிட்டு வந்தாத்தான் உயிர் வரும்."

அமிர்தவள்ளி போனார். மோகனா குச்சிகளைத் திருப்பிவிட்டுப் பால்கனிப் பக்கம் நடந்தாள். அங்கே ஒரு ஓரமாகப் பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. சோபா காலியாக இருந்தும் ஆரோக்கியசாமியை மூன்று தடவையும் உட்கார வைத்தது இதில்தான் என்று பிரிசில்லா ரயிலில் சொல்லியிருந்தாள். அதற்குப் பக்கத்தில் ஒரு தொட்டியில் தக்காளிச் செடி. சாயங்கால வெயில் அதன் மேல் நேராக விழுந்தது.

தக்காளிச் செடியிலிருந்து மல்லிகை வாசம் வந்தது.

மோகனாவின் மூக்கு தோலுக்குத்தான் செத்த மூக்கு. பூவுக்கு இல்லை. குனிந்து பார்த்தாள். சாய்ந்த செடிக்கு முட்டுக்கொடுத்து, நூலால் கட்டி, கறுத்துப்போன மெல்லிய பிரம்புக் குச்சிகள் வரிசையாக நட்டிருந்தன. அவள் சிரித்தாள். அதற்கப்புறம் அவள் முகத்தில் சிரிப்பு நிற்கவில்லை. வேறொன்று வந்து உட்கார்ந்தது.

மாடியிலிருந்து இறங்கி, வீட்டுக்குள் ஒரு காலை வைத்த அமிர்தவள்ளி அப்படியே நின்றார். மூக்கு விடைத்தது. கண்கள் சோபாவை, கதவிடுக்கை, கர்ட்டனுக்குப் பின்னால் வரை தேடின.

"ஐயையோ! அவங்க வந்துட்டாங்களா?"

"எவங்க மேடம்?"

"அந்த ஆம்பூர்க்காரங்க! நாத்தம் குடலைப் புடுங்குது பாரு! எங்க அவங்க?"

"யாரும் வரல மேடம்," என்றாள் மோகனா. "திரும்பினது குச்சி மட்டும்தான்."

அமிர்தவள்ளிக்குப் புரிய நேரம் பிடித்தது. மோகனா புட்டியை எடுத்து அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள். அவர் பின்னால் நகர்ந்து ரெக்சின் சோபாவில் பொத்தென்று விழுந்தார்.

"மல்லிகை எங்க போச்சு?"

"இதுல இருக்கிறது தோல் வாசம் மேடம். ரோஜா, லாவண்டர் மாதிரி இதையும் சென்ட்டா விக்கிறாங்க. அவங்க வர்றாங்கன்னு நீங்க குச்சியைத் திருப்பினீங்க, வாசம் தூக்குச்சு. அவங்க மேல பழி போட்டீங்க. வாசத்தைத் துரத்தணும்னு மறுபடி திருப்பினீங்க, இன்னும் தூக்குச்சு. இந்த வீட்ல தோல் வாசத்தை விசிறி விசிறிப் பரப்பினது நீங்கதான்."

"பேய் ஓட்டறேன்னு பேய்க்கே சாப்பாடு போட்டிருக்கீங்க," என்றாள் கௌசர்.

ஹெட்மிஸ்ட்ரஸ் சீக்கிரம் சுதாரித்துக்கொண்டார். "நீங்க யாரு? ஆலோசகர் மாதிரி தெரியலையே! அந்தப் பொண்ணு அனுப்பின ஆளா? அப்போ இதை ஊத்தினதும் அவங்கதான்! வந்தப்போ யாருக்கும் தெரியாம..."

"அதையும் யோசிச்சேன். ஆனா ஊத்தினவரு மல்லிகை எண்ணெயைக் கொட்டிட்டு இதை ஊத்தினதோட நிக்கல. பழைய குச்சியில மல்லிகை ஊறியிருக்கும், புது வாசம் எடுபடாதுன்னு தெரிஞ்சு குச்சியையும் மாத்தியிருக்காரு. அப்படின்னா டப்பாவோட வர்ற துண்டுச் சீட்டைப் படிக்கிற ஆளு. சரி, பழைய குச்சியைக் குப்பையில போட வேண்டியதுதானே? போட மனசு வரல. பொருளை வீணடிக்கறது ரத்தத்துலயே கிடையாது." மோகனா பால்கனியைக் காட்டினாள். "அந்தத் தக்காளிச் செடி யாரோடது மேடம்?"

அமிர்தவள்ளியின் பார்வை பால்கனிக்குப் போய், உள்ளறைக் கதவில் வந்து நின்றது.

பையன் தூங்குகிறான் என்று அமிர்தவள்ளி காட்டாமல் தாண்டிப் போயிருந்த அந்தக் கதவு திறந்தது. பெங்களூரிலிருந்து வார விடுமுறைக்கு வந்திருந்த ஆல்வின், தலை கலைந்து, கையில் பூவாளியோடு நின்றான். கதவுக்குப் பின்னால் வெகு நேரமாக நின்றிருக்கிறான் என்பது பூவாளி சொட்டிய ஈரத்தில் தெரிந்தது.

"கௌசர், கீழ போய் அவங்களைக் கூட்டிட்டு வா," என்றாள் மோகனா.

பிரிசில்லா முன்னால் வந்தாள். ஆரோக்கியசாமி வாசலுக்கு வெளியிலேயே நின்றார். புதுச் செருப்பைக் கழற்றி, அதையும் ஒரு முழம் தள்ளி வைத்தார். கௌசர் ரெண்டே வரியில் விஷயத்தைச் சொன்னாள். பிரிசில்லாவின் முகம் மலர்ந்தது. வழக்கு ஜெயித்த முகம்.

"நீயா ஊத்தின? எதுக்குடா? என் ஞாபகமாவா?" என்று கேட்டாள்.

இந்த இடத்தில் ஆல்வின் 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை சுபம். ஆனால் அவன் துண்டுச் சீட்டைப் படிக்கிற வகை. உண்மையைத்தான் சொன்னான்.

"இல்ல பிரிசி. ஒரே வாசத்துல இருந்தா மூக்கு பழகிடும், அப்புறம் அது தெரியாதுன்னு அந்தச் சீட்டுல போட்டிருந்துச்சு. கல்யாணத்துக்கு முன்னாடியே அம்மா மூக்கைப் பழக்கிட்டா... அப்புறம் நீங்கள்லாம் வந்தா அம்மாவுக்குத் தெரியாதுன்னு..."

"இன்னா தெரியாது?"

ஆல்வின் பூவாளியைப் பார்த்தான். அது உதவிக்கு வரவில்லை.

"சொல்லுடா. எங்க மேல இன்னா தெரியாது?"

ஹாலில் யாரும் மூச்சு விடவில்லை. தோல் வாசத்துக்குப் பயந்து இல்லை.

மோகனாவின் முகத்தில் பால்கனியில் வந்து உட்கார்ந்த அந்த வேறொன்று இதுதான். அம்மா சொன்னதைத்தான் மகனும் நம்பியிருக்கிறான். அம்மா வாய்விட்டுச் சொன்னார். இவன் எண்ணெய் ஊற்றிச் சொன்னான். நல்லெண்ணத்தில் செய்தது என்பது வேறு. நல்லெண்ணத்தோடு ஜன்னலைத் திறந்த மேனேஜர்களையும் அவள் பார்த்திருக்கிறாள்.

"நாலு வருஷம்," என்றாள் பிரிசில்லா. குரல் உயரவில்லை. "காலேஜ் கேன்டீன்ல என் பக்கத்துல உக்காந்து என் டிபன் பாக்ஸைக் காலி பண்ணியே, அப்போ நாத்தம் வந்துச்சா?"

"இல்ல."

"எங்க வீட்டுக்கு வந்து எங்கப்பா கையால மூணு பிளேட்டு பிரியாணி சாப்பிட்டியே, அப்போ?"

"இல்ல பிரிசி. சத்தியமா எனக்கு வரவே இல்ல. ஆனா அம்மாவுக்கு வந்துடுமோன்னு..."

"வராத நாத்தத்துக்கு முன்கூட்டியே மருந்து ஊத்தியிருக்கியே, உன் மூக்கை நீயே நம்பலையாடா? எங்கப்பா அவர் மூக்கை நம்பல. அதுக்காவது ஒரு காரணம் இருக்குது. உனக்கு இன்னா கேடு?"

வாசலில் ஆரோக்கியசாமி மெதுவாகக் கேட்டார். "அப்போ மூணு வாரமா நான் தேய்ச்சுக் குளிச்சதெல்லாம்..."

"உங்க சோப்புக்கு அந்தப் பையன் பதில் சொல்லணும் சாச்சா," என்றாள் கௌசர். முதல் தடவையாக அவள் குரலில் கிண்டல் இல்லை.

அமிர்தவள்ளிக்குக் கை சும்மா இருக்கவில்லை. எதையாவது திருத்தியாக வேண்டிய பழக்கம். புட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "எங்க வாங்கின இந்தக் கண்றாவியை?"

"பெங்களூர் மால்ல. பூட்டின கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சிருந்தாங்க. ஃபாரின்."

"எவ்ளோ?"

ஆல்வின் அம்மாவின் காதருகே குனிந்து சொன்னான். அமிர்தவள்ளியின் புருவம் கூரைக்குப் போய்த் திரும்பியது. புட்டியைப் பிடித்திருந்த விரல்கள் தாமாகவே மெதுவாகின. மூக்கைக் கொஞ்சம் கிட்டே கொண்டு போனார். கண்ணை மூடினார்.

"இப்போ பாத்தா... ஒரு மாதிரி ராயலாத்தான் இருக்கு. பழைய கார்ல ஏறினா வருமே, அந்த மாதிரி."

"மூக்கு அங்கதான் இருக்குது. விலைதான் மாறுச்சு," என்றாள் மோகனா. அதற்குமேல் அவளால் ஆலோசகர் குரலைத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. "மேடம், ஆம்பூர்லேர்ந்து வந்தா அது நாத்தம். பூட்டின பெட்டியிலேர்ந்து வந்தா அது வாசம். ஐநூறு பசங்களுக்குப் பாடம் எடுத்தீங்களே, இது எந்தப் பாடத்துல வருது?"

அமிர்தவள்ளி புட்டியை மேஜையில் வைத்தார். ஹெட்மிஸ்ட்ரஸ் ஆன நாளிலிருந்து அவரை யாரும் கேள்வி கேட்டதில்லை. அதனால் பதில் சொல்லும் பழக்கம் விட்டுப் போயிருந்தது. மணி ஆறை நெருங்கியது. மேஜை மேல் அவர் செல்போன் கிடந்தது. அவர் அதைப் பார்த்தார். எடுக்கவில்லை.

பிரிசில்லா எடுத்தாள். "அத்தை, ஃபாதர் நம்பர் இதுலதானே இருக்கு?"

"பிரிசி, வேணாம், ப்ளீஸ்," என்றான் ஆல்வின். பூவாளி கையிலிருந்து நழுவியது.

"ஃபாதர், பிரிசில்லா பேசறேன். ஆமா ஃபாதர், அத்தை போன்தான். நாளைக்கு எங்க ஓலையைப் படிச்சுடுங்க. நிறுத்த வேணாம்."

ஆல்வின் விட்ட பெருமூச்சில் தக்காளிச் செடி ஆடியிருக்கும். பிரிசில்லா போனைக் கீழே வைக்கவில்லை.

"ஒரு சந்தேகம் ஃபாதர். தடை இருக்கறவங்க சொல்லலாம்னு கேப்பீங்கல்ல? பொண்ணே கையைத் தூக்கலாமா?... ஓ. தூக்கலாமா. சரி ஃபாதர். ஸ்தோத்திரம்."

போனை வைத்துவிட்டு ஆல்வினிடம் திரும்பினாள்.

"மூணு ஞாயிறு, மூணு ஓலை. முன் பெஞ்சுல உக்காந்திருப்பேன். ஃபாதர் கேக்கறப்ப எல்லாம் என் கை எங்க இருக்குதுன்னு நீ பாத்துக்கோ. அதுவரைக்கும் பெங்களூர்லேர்ந்து வர்ற ஒவ்வொரு சனிக்கிழமையும் முதல்ல ஆம்பூர்ல இறங்கு. எங்கப்பா பக்கத்துல உக்காந்து சாப்பிடு. பழக வேண்டியது உங்கம்மா மூக்கு இல்ல. உன் வாய். யாராச்சும் எங்கப்பாவை ஒரு வார்த்தை சொன்னா, 'அம்மா சரியாயிடுவாங்க'ன்னு சொல்லாம, பதில் சொல்லப் பழகணும் அது."

ஆல்வின் தலையை ஆட்டினான். பிறகு தலை ஆட்டினால் போதாது என்று அவனுக்கே தோன்றியிருக்க வேண்டும். வாசலுக்குப் போய், ஒதுக்கி வைத்திருந்த அந்தப் புதுச் செருப்பை எடுத்து ஸ்டாண்டில் தன் ஷூவுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"மாமா, உள்ள வாங்க. எங்கம்மா தப்பா சொன்னாங்க. நானும் தப்பா நெனச்சேன்."

அமிர்தவள்ளி விருட்டென்று நிமிர்ந்தார். பெற்ற மகன் முதல் தடவையாக அவர் விடைத்தாளில் சிவப்புக் கோடு போட்டிருக்கிறான். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிரிசில்லாவின் வலது கை இடுப்பிலிருந்து மெல்ல மேலே ஏறித் தலைமுடியைக் கோதியது. கோதத்தான் ஏறியது. ஆனாலும் அமிர்தவள்ளி வாயை மூடிக்கொண்டார்.

ஆரோக்கியசாமி பழக்க தோஷத்தில் பால்கனியைப் பார்த்து நடந்தார். பிளாஸ்டிக் நாற்காலி அங்கே தயாராக இருந்தது. அமிர்தவள்ளி சோபாவின் ஒரு பக்கமாக நகர்ந்தார்.

"அண்ணே," என்றார். வார்த்தை பிரசவ வலியோடு வந்தது. "இங்க உக்காருங்க. அங்க வெயிலு."

ஆறு மணிக்கு ஏது வெயில் என்று யாரும் கேட்கவில்லை. கௌசர் கேட்கத்தான் போனாள். மோகனா அவள் காலை மிதித்தாள்.

ஆரோக்கியசாமி உட்கார்ந்தார். கை தானாக சோபாவைத் தடவியது. மேஜையில் இருந்த புட்டியை மரியாதையாக எடுத்து, முகர்ந்து, கவலையாகத் தலையசைத்தார். "எனக்கு ஒண்ணியும் தெரியலம்மா."

"கவலைப்படாதீங்க," என்றார் அமிர்தவள்ளி. விருந்தாளிக்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்ற வேகத்தில் எழுந்தவர், கை பழக்கத்தில் குச்சிகளை ஒவ்வொன்றாக உருவித் தலைகீழாகத் திருப்பி வைத்தார். "இப்போ தூக்கும் பாருங்க."

காட்பாடி ஸ்டேஷனில் ஆம்பூர் ரயிலுக்குக் காத்திருந்தபோது கௌசர் கேட்டாள். "அக்கா, நாளைக்கு பூசை எத்தினி மணிக்கு?"

"நீ எதுக்குடீ சர்ச்சுக்குப் போற?"

"அந்தப் பொண்ணுக்குத் தலையில பேன் இருக்குது. அப்பப்ப சொறியுது. ஃபாதர் தடை இருக்கான்னு கேக்கறப்ப சொறிஞ்சா அந்தப் பையன் மூஞ்சி எப்படிப் போவுதுன்னு பாக்கணும்."